ஸ்டென்ட் வைத்தவரின் கொழுப்பு மாத்திரையைத் திரும்பப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடிப்பு கிழிந்து டேப் ஒட்டிய ஒரு பழைய சீட்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் டிஸ்சார்ஜ் ஆன அன்று எழுதிக் கொடுத்தது. அதைக் காட்டித்தான் மாதாமாதம் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறார்கள். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர், ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தவர், கால் ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர் என்று என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலரிடம் அப்படி ஒரு சீட்டு இருக்கிறது. சுகரையும் பிபியையும் தவறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கொழுப்பு மாத்திரை மட்டும் முதல் நாள் எழுதிய அளவிலேயே நின்றுவிடுகிறது. அதைப் பற்றி அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு நீங்களாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உங்கள் டாக்டரிடம் போய்க் கேளுங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அடைப்பைத்தான் எடுத்தாயிற்றே, ஸ்டென்ட்டும் வைத்தாயிற்று. இன்னும் எதற்குக் கொழுப்பு மாத்திரை?

ஸ்டென்ட் திறந்து வைப்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தை. கொழுப்பு படிகிற நோயோ எல்லா ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கிறது. அடுத்த மாரடைப்பு பெரும்பாலும் ஆஞ்சியோவில் பெரிதாகத் தெரியாத ஒரு சின்னப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வரும். ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைக் குறைத்து, அந்தப் படிவுகளை வெடிக்காமல் இறுகச் செய்கின்றன.

1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வு ஒன்றுதான் இதை முதலில் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரைப் பாதிப்பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு சிம்வாஸ்டாட்டினும் மறு பாதிக்குச் சத்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஐந்தரை ஆண்டுகளுக்குள் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்தார்கள், ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 182 பேர். பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, எல்டிஎல் சுமார் 39 மி.கி. குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைவதாகத் தெரிந்தது.

நம்மூரிலேயே பாருங்கள். தமிழ்நாட்டில் 2023இல் இதயம் காப்போம் திட்டம் தொடங்கியது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் 14 மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் 8 மாத்திரை அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி., அதாவது ஒரே வேளையில் 80 மி.கி. மாரடைப்பு நேரத்தில் 80 மி.கி. கொடுத்துக் காப்பாற்றப்பட்டவர், மூன்று வருடம் கழித்து வீட்டில் தினம் ஒரு 10 மி.கி. மட்டும் போட்டுக்கொண்டிருப்பார். யாரும் குறைக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். நடுவில் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டில் எல்டிஎல் 96. லேப்காரர்கள் ‘நார்மல்’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். அப்புறம் எதற்குக் கவலை?

என்னை அதிகம் வருந்த வைக்கிற கேள்வி இதுதான். லேப் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சாகும் அளவு, இதய நோய் எதுவும் இல்லாத ஒருவருக்கானது. 100க்குக் கீழே இருந்தால் போதும் என்று அதில் இருக்கும், சில இடங்களில் 130 என்றுகூட இருக்கும். நீங்கள் ஸ்டென்ட் வைத்தவர் என்பது அந்த மெஷினுக்குத் தெரியாது. எண் தடித்த எழுத்தில் வரவில்லை என்பதால் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறீர்கள்.

ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு இலக்கு வேறு. இந்திய இதயநோய் வல்லுநர்கள் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் உங்களைப் போன்றவர்களுக்கு எல்டிஎல் 55க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதல் 2019இலேயே அதே 55ஐச் சொல்லியிருக்கிறது. அதோடு, மருந்து தொடங்குவதற்கு முன் இருந்த அளவில் பாதியாவது குறைந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சிகிச்சையில் இருக்கும்போதே இரண்டு வருடத்துக்குள் இரண்டாம் முறை பாதிப்பு வந்தவர்களுக்கு 40க்குக் கீழே கொண்டுபோவதைப் பரிசீலிக்கலாம் என்பதும் அதில் உண்டு. பிரிட்டனில் சுமார் 77 வரை ஏற்றுக்கொள்கிறார்கள். நாட்டுக்கு நாடு எண் கொஞ்சம் மாறினாலும், உங்கள் 96ஐ இதில் ஒருவரும் போதும் என்று சொல்லவில்லை.

இன்னொன்று. மாரடைப்பு வந்து ஓரிரு நாள் கழித்து எடுக்கும் பரிசோதனையில் எல்டிஎல் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும். உடம்பு பெரிய அதிர்ச்சியில் இருக்கும்போது அது தானாக இறங்கிவிடும், பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். ‘ஆஸ்பத்திரியில் பார்த்தபோதே எனக்குக் கொழுப்பு கம்மிதான்’ என்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்? வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

மாத்திரை தொடங்கினாலோ அளவை மாற்றினாலோ 4 முதல் 12 வாரத்துக்குள் ஒரு முறை. இலக்கை எட்டிய பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை போதும்.

வெறும் வயிறு பெரும்பாலும் தேவையில்லை, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 400க்கு மேல் வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கச் சொல்வோம். காரணம், பல லேப்களில் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை. மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கிறார்கள். ட்ரைகிளிசரைடு ஏறிக் கிடந்தால் அந்தக் கணக்கு பிழையாகும். சுகர் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நேர்வதால் நான் ‘நான்-எச்டிஎல்’ என்ற எண்ணையும் சேர்த்தே பார்க்கிறேன். மொத்தக் கொழுப்பில் எச்டிஎல்லைக் கழித்தால் வருவது அது, வீட்டிலேயே கணக்குப் போடலாம். 85க்குக் கீழே இருந்தால் நல்லது.

ரத்தம் இளக்கும் மாத்திரையை ஒரு வருடத்தில் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்திவிட்டேன். அதில் தவறு உண்டா?

நிறுத்தச் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் நிறுத்தியது என்ன என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

நம் நாட்டில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொழுப்பு மாத்திரையான ரோசுவாஸ்டாட்டின், ரத்தம் இளக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மூன்றும் ஒரே கேப்ஸ்யூலில் இருக்கிற மருந்து நிறைய எழுதப்படுகிறது. நோயாளிக்கு ஒரு மாத்திரையோடு வேலை முடிகிறது, அது நல்ல விஷயம்தான். சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஒரு வருடம் கழித்து க்ளோபிடோக்ரெலை மட்டும் நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்கிறார். நோயாளி கேப்ஸ்யூலையே விட்டுவிடுகிறார். கொழுப்பு மாத்திரையும் ஆஸ்பிரினும் சேர்ந்தே போய்விடுகின்றன. பல் பிடுங்கவோ ஹெர்னியா ஆபரேஷனுக்கோ ‘ரத்தம் இளக்கும் மாத்திரையை ஐந்து நாள் நிறுத்துங்கள்’ என்றால் அதே கதை. ஐந்து நாள் ஐந்து மாதமாகிவிடும்.

பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இப்படி எட்டு மாதம் ஸ்டாட்டினே இல்லாமல் இருந்தார். தான் ‘கொழுப்பு மாத்திரை’ சாப்பிட்டதாகவே அவருக்குத் தெரியாது. அட்டையில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. அந்த வருடம் நானும் அவரை இரண்டு முறை சளி காய்ச்சலுக்குப் பார்த்திருக்கிறேன், கேட்கவில்லை. இப்போது யார் எதற்காக வந்தாலும் மாத்திரை அட்டைகளைப் பையோடு கொண்டுவரச் சொல்கிறேன்.

அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கேப்ஸ்யூல்களில் ரோசுவாஸ்டாட்டின் பெரும்பாலும் 10 மி.கி.தான். இதய நோய் உள்ளவர்களுக்கு வேண்டிய முழு வீரியம் ரோசுவாஸ்டாட்டினில் 20 முதல் 40 மி.கி., அட்டோர்வாஸ்டாட்டினில் 40 முதல் 80 மி.கி. சிலருக்கு 10லேயே இலக்கு எட்டிவிடும். எட்டியதா என்று பார்த்தால்தானே தெரியும்.

எல்டிஎல் குறையவில்லை என்றால் அதே மாத்திரையை இரண்டாக்கிவிடலாமா?

முழு வீரியத்துக்குக் கீழே இருந்தால் கூட்டலாம். அதற்கு மேல் கூட்டுவதில் கிடைப்பது குறைவு. ஸ்டாட்டினை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் குறைவது 6 சதவீதம் அளவுக்குத்தான்.

அப்போது எசெட்டிமைப் 10 மி.கி. சேர்ப்போம். கல்லீரல் கொழுப்பு தயாரிப்பதை ஸ்டாட்டின் தடுக்கிறது. குடலிலிருந்து கொழுப்பு உறிஞ்சப்படுவதை எசெட்டிமைப் தடுக்கிறது. வழிகள் வேறு என்பதால் சேர்த்தால் இன்னும் 20 சதவீதம் போலக் குறையும். உதாரணமாக, மருந்துக்கு முன் எல்டிஎல் 150 இருந்தவருக்கு நல்ல அளவு ஸ்டாட்டின் அதைப் 75 ஆக்கும், எசெட்டிமைப் சேர்ந்தால் 60. இன்னும் 55 வரவில்லை, ஆனால் உணவையும் எடையையும் கவனித்தால் எட்டிவிடலாம் என்ற தூரம் அது.

2015இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு போன்ற பாதிப்பு வந்து மீண்ட 18,144 பேரில் ஒரு பகுதியினருக்கு இதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏழு ஆண்டுகளில் நூறு பேருக்கு இரண்டு பேர் அளவில் பாதிப்பு குறைந்தது. பெரிய எண்ணாகத் தோன்றாது. ஆனால் ஒரே ஒரு சின்ன மாத்திரை, பக்கவிளைவு மிகக் குறைவு, பொதுப்பெயர் மருந்தாக எளிதாகக் கிடைக்கிறது. ‘ஏற்கெனவே ஏழு மாத்திரை, இதில் எட்டாவதா’ என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டினும் எசெட்டிமைபும் ஒரே மாத்திரையில் வருகின்றன.

கொழுப்பு ரொம்பக் குறைந்தால் மூளைக்குக் கெடுதல், ஞாபக மறதி வரும் என்கிறார்களே?

மூளை தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்கிறது, ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை நம்பி இல்லை. பிறந்த குழந்தைக்கு எல்டிஎல் 30, 40 அளவில்தான் இருக்கும். 2017இல் எவலோகுமாப் என்ற ஊசியை வைத்து 27,564 பேரிடம் நடந்த ஆய்வில் எல்டிஎல் 92லிருந்து 30 வரை இறங்கியது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு நினைவாற்றலைத் தனியாகச் சோதித்தார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மாத்திரை போட்டால் கை கால் வலிக்கிறது. நிறுத்தியதும் நன்றாக இருக்கிறது. இது போதாதா?

உங்கள் வலி உண்மை. வலிக்கிறது என்று வருகிறவரிடம் ‘அதெல்லாம் மனசு’ என்று சொல்லி அனுப்புவது தவறு. ஆனால் வலிக்குக் காரணம் மாத்திரைதானா என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லண்டனில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஒரு ஆய்வை நான் நோயாளிகளுக்கு அடிக்கடி சொல்வேன். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரை அழைத்து, ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு புட்டி கொடுத்தார்கள். நான்கு புட்டியில் ஸ்டாட்டின், நான்கில் பார்க்க அதே மாதிரி வெறும் மாத்திரை, நான்கு காலிப் புட்டி. தினமும் உபாதைக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. வெறும் மாத்திரை மாதங்களில் 15.4! உபாதை இருந்தது, ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி மாத்திரை போடுகிறோம் என்ற எதிர்பார்ப்பிலிருந்து வந்தது. தங்கள் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டின் தொடங்கினார்கள்.

சரி, நாம் என்ன செய்வது? இரண்டு தொடையிலும் தோளிலும் சமமாக, மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் வந்த வலி என்றால் மருந்தாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு முட்டியிலோ ஒரு பக்க இடுப்பிலோ வலி என்றால் அது வேறு. தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் சிகே என்ற ரத்தப் பரிசோதனையும் தைராய்டும் பார்ப்போம். தைராய்டு குறைவு தசைவலியையும் தரும், எல்டிஎல்லையும் ஏற்றும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாலே இரண்டும் தணிவதுண்டு. பிறகு சில வாரம் நிறுத்தி, குறைந்த அளவிலோ வேறு ஸ்டாட்டினிலோ மறுபடி தொடங்குவோம். ஒரு ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர் இன்னொன்றை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் அவசரம். தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிக அரிது, ஆனால் காத்திருக்கக் கூடாது.

கல்லீரல், கிட்னி கெட்டுவிடுமா? சுகர் வருமா?

கல்லீரல் என்சைம் லேசாக ஏறலாம், பெரும்பாலும் தானே இறங்கும். இயல்பான உச்ச வரம்பைப் போல் மூன்று மடங்கு தாண்டினால்தான் மருந்தை மாற்ற யோசிப்போம். கொழுப்புக் கல்லீரல் ஸ்டாட்டினை நிறுத்தக் காரணமல்ல. கிட்னியை இது கெடுப்பதில்லை, ஆனால் கிட்னி செயல்பாடு குறைந்தவருக்கு ரோசுவாஸ்டாட்டின் அளவைக் குறைத்துத் தர வேண்டும்.

சுகர் விஷயத்தில் மறைக்க ஒன்றுமில்லை. சுகர் வரும் விளிம்பில் இருப்பவருக்கு அது சற்று முன்னதாக வரலாம். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 255 பேருக்கு நான்கு ஆண்டு ஸ்டாட்டின் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகச் சுகர் வந்தது. உங்களைப் போல இதய நோய் உள்ளவர்களுக்கு அதே காலத்தில் தடுக்கப்படும் மாரடைப்புகள் அதைவிடப் பல மடங்கு.

ராத்திரிதான் போட வேண்டுமா?

சிம்வாஸ்டாட்டின் என்றால் ராத்திரி. அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் எந்த நேரமும் போடலாம். மறக்காமல் இருக்கிற நேரமே நல்ல நேரம்.

மருதம்பட்டை, பூண்டு, வெந்தயம் எடுத்துக்கொள்கிறேன். மாத்திரையை விட்டுவிடலாமா?

விட வேண்டாம். பூண்டும் வெந்தயமும் சமையலில் தாராளமாகச் சேருங்கள். ஆனால் எல்டிஎல்லைப் பாதியாகக் குறைக்கும் வேலையை அவற்றால் செய்ய முடியாது. கஷாயமோ சூரணமோ எடுத்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைப்பதால் வரும் கெடுதலே அதிகம்.

உணவில் நான் முதலில் கேட்பது எண்ணெயைப் பற்றித்தான். ரேஷனில் கிடைக்கும் பாமாயிலில் ஏறக்குறைய பாதி, எல்டிஎல்லை ஏற்றுகிற பூரிதக் கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது 80 சதவீதத்துக்கும் மேல். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இருபதுக்குள் அடங்கும். விலையைப் பார்த்துப் பாமாயில் வாங்கும் வீட்டில் ‘மாற்றுங்கள்’ என்று சொல்வது எனக்கு எளிது, அவர்களுக்கு எளிதல்ல. அதனால் பொரிப்பதைக் குறையுங்கள், மாதத்துக்கு வாங்கும் எண்ணெயில் அரை லிட்டர் குறையுங்கள் என்றுதான் தொடங்குவேன்.

ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. க்ளாரித்ரோமைசினும், தோலில் வரும் படைக்குக் கொடுக்கும் இட்ராகொனசோலும் அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் இரண்டையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். அந்தச் சில நாள் ஸ்டாட்டினை நிறுத்திவைக்கச் சொல்வது வழக்கம். பம்பளிமாஸ் பழத்தை நிறையச் சாப்பிட்டாலும் இந்த இரண்டு மாத்திரைகளின் அளவு ஏறக்கூடும். தோல் டாக்டரிடம் போனாலும் உங்கள் மாத்திரைப் பட்டியலைக் காட்டுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட்டால் போதும் என்கிறார்களே?

இன்க்ளிசிரான். முதல் ஊசி, மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. எல்டிஎல்லைப் பாதியாகக் குறைக்கிறது. எவலோகுமாப் போன்ற, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசிகள் 60 சதவீதம் வரை குறைக்கும். முழு அளவு ஸ்டாட்டினும் எசெட்டிமைபும் போட்டும் இலக்கு எட்டாதவர்களுக்கும், எந்த ஸ்டாட்டினும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இவை உண்மையிலேயே வரம். ஆனால் நம்மூரில் விலை பெரும்பாலானவர்களுக்கு எட்டாது. கடன் வாங்கி ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு நான் வேண்டாம் என்றேன். அவருடைய சீட்டில் எசெட்டிமைபே இல்லை.

ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவருக்கு பெம்பிடோயிக் அமிலம் என்ற மாத்திரையும் உண்டு. 2023இல் வெளியான ஆய்வில் பாதிப்புகளை 13 சதவீதம் குறைத்தது. யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பதால் கவுட் என்ற மூட்டு நோய் உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எனக்குக் காலில்தான் அடைப்பு, இதயம் நன்றாக இருக்கிறது. எனக்குமா இது?

உங்களுக்கும்தான். நூறு அடி நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்றால் சரியாகிறது என்றால் காலுக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். அதே நோய் இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் சேர்ந்தே இருக்கும். கால் அடைப்பு உள்ள பலரின் உயிரைப் பறிப்பது மாரடைப்புதான். ஆனால் கால் நோயாளிகளின் சீட்டில்தான் ஸ்டாட்டின் விடுபட்டுப்போவதை அதிகம் பார்க்கிறேன். புண்ணுக்கு மருந்து கட்டுவதிலும், விரலை எடுப்பதா வேண்டாமா என்பதிலும் எல்லார் கவனமும் போய்விடுகிறது.

ரத்தக்குழாய் அடைத்து வந்த பக்கவாதத்துக்கும் இதே சிகிச்சை. மூளையில் ரத்தம் கசிந்து வந்த பக்கவாதம் வேறு, அதற்கு நரம்பியல் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

அம்மாவுக்கு 82 வயது. இன்னும் தேவையா?

ஒத்துக்கொண்டால் தொடரலாம், வயது மட்டுமே நிறுத்தக் காரணமாகாது. எடை குறைந்து, மாத்திரைகள் கூடி, சாப்பாடும் குறைந்துவிட்டால் அளவைக் குறைப்பது பற்றிப் பேசலாம். படுக்கையில், கடைசிக் காலத்தில் இருப்பவருக்கு இந்த மாத்திரையை நிறுத்துவதில் தவறில்லை. டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் புதிதாகத் தொடங்குவதில் பலன் தெரியவில்லை, ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தொடர்வோம்.

எனக்கு 43 வயதில் மாரடைப்பு. பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டுமா?

பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். மருந்துக்கு முன் உங்கள் எல்டிஎல் 190க்கு மேல் இருந்ததா என்று பழைய ரிப்போர்ட்டைத் தேடிப் பாருங்கள். குதிகாலின் பின்பக்கத் தசைநாண் தடித்திருந்தாலும், இளம் வயதிலேயே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தாலும் குடும்பவழிக் கொழுப்பு நோயாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பத்து வயதிலேயே சாதாரண லிப்பிட் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கூடவே, எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன் ஏ பரிசோதனையை நீங்கள் வாழ்நாளில் ஒரு முறை எடுத்துவிடுங்கள். பிறப்பிலேயே நிர்ணயமாகிற அளவு அது, உணவாலோ ஸ்டாட்டினாலோ குறையாது. 50 மி.கி.க்கு மேல் இருப்பது இந்தியர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு. உங்களுக்கு அதிகமாக இருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பார்த்து, அதிகமுள்ளவர்களுக்கு எல்டிஎல், பிபி, சுகர், பீடி சிகரெட் எல்லாவற்றிலும் சின்ன வயதிலிருந்தே கண்டிப்பாக இருக்கச் சொல்வோம்.